தாலி கட்டியாச்சு, அப்புறம்?

இந்த முறை வந்த கடிதங்களில் நிறைய பேர் ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்டிருக்கிறீர்கள்: வீட்டை மீறிச் செய்துகொள்ளும் கல்யாணம். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். யாருடைய பெயரையும் ஊரையும் போடவில்லை, ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

கேள்வி: அக்கா, எனக்கு 24 வயது, தனியார் கம்பெனியில் வேலை. அவருக்கு 26. காலேஜிலிருந்தே பழக்கம், சாதி வேறு. வீட்டில் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன், மறுநாளே ஜாதகத்தைத் தரகரிடம் கொடுத்துவிட்டார்கள். ஒரு தோழி, கோயிலில் தாலி கட்டிக்கொண்டு நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போ என்கிறாள். இன்னொருத்தி ரிஜிஸ்டர் மேரேஜ்தான் சரி என்கிறாள். எது பாதுகாப்பு? இப்படிப் போவது தப்பா?

பதில்: தப்பு இல்லைம்மா. கடைசியாகக் கேட்டிருந்தாலும் இதுதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிற கேள்வி என்று தெரிகிறது, அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிரம்பியிருந்தால் யாரைக் கட்டிக்கொள்வது என்பது அவர்கள் முடிவு. 2006-லேயே உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: பிள்ளைகள் செய்த கல்யாணம் பிடிக்கவில்லையென்றால் பெற்றோர் அதிகபட்சம் உறவை முறித்துக்கொள்ளலாம், மிரட்டவோ அடிக்கவோ தொந்தரவு செய்யவோ முடியாது. 2018-ல் சக்தி வாஹினி வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போய், வயதுவந்த இருவர் சம்மதித்த பிறகு குடும்பத்தின் சம்மதமோ சாதிக்காரர்களின் சம்மதமோ தேவையில்லை என்றார்கள், அப்படிப்பட்ட ஜோடிகளுக்குப் பாதுகாப்பு கொடுக்க மாவட்டந்தோறும் தனிப்பிரிவும் தங்க இடமும் இருக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டார்கள். சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. ஆனால் உங்கள் கடிதம் முழுக்கத் தாலி கட்டும் அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான் இருக்கிறது. நான் கவலைப்படுவது அதற்கு முந்தைய ஒரு மாதத்தையும் பிந்தைய ஒரு வருடத்தையும் பற்றி.

வீட்டில் ஜாடையாகச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அப்பா கோபப்பட்டால் என்ன செய்வார்? சத்தம் போடுவார், ரெண்டு நாள் சாப்பிடமாட்டார், அவ்வளவுதான் என்றால் ஜாடை போதாது, அத்தையோ மாமாவோ யாராவது ஒருவரை வைத்துக்கொண்டு ஒரு தடவையாவது நேராகச் சொல்லுங்கள். நிறைய வீடுகளில் அந்த ஒரு பேச்சு நடக்காமலேயே பெண் கிளம்பிவிடுகிறாள், அப்புறம் இரண்டு பக்கமும் ஆயுசு முழுக்க அந்தக் குறை இருக்கும். ஆனால் உங்கள் வீட்டில் எப்போதாவது, யார் விஷயத்திலாவது, "வெட்டிப் போட்டுருவேன்" என்ற பேச்சு வந்திருந்தால், செல்போனைப் பிடுங்கி வைத்திருந்தால், வேலைக்குப் போகும்போது யாராவது பின்னால் வருவது போல இருந்தால், பேசவே வேண்டாம். தேதியும் இடமும் அம்மாவுக்குக்கூடத் தெரியக் கூடாது. எந்த வகை வீடு என்று உங்களுக்குத்தான் தெரியும், அதை ஆசையை ஒதுக்கி வைத்துவிட்டு யோசியுங்கள்.

கோயிலா ரிஜிஸ்டரா என்பதற்கு வருகிறேன். இருவரும் இந்துக்கள் என்றால் நம் மாநிலத்தில் இதற்கென்றே ஒரு வழி இருக்கிறது. அண்ணா முதல்வராக இருந்தபோது 1967-ல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள், சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்பதற்காக. ஐயர் வேண்டாம், ஹோமம் வேண்டாம், மண்டபம் வேண்டாம். உறவினரோ நண்பரோ வேறு யாரோ முன்னிலையில் இவரை நான் கணவராக ஏற்கிறேன், இவளை நான் மனைவியாக ஏற்கிறேன் என்று இருவருக்கும் புரிந்த மொழியில் சொல்லி, மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ போதும். ஊரறிய நடக்காத கல்யாணம் செல்லாது என்று இடையில் ஒரு தீர்ப்பு குழப்பியது, 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது, ஏனென்றால் உயிருக்குப் பயந்து வருகிறவர்களிடம் ஊரைக் கூட்டிச் செய் என்று சொல்வதே அவர்களை ஆபத்தில் தள்ளுவது. கோயிலில்தான் செய்வேன் என்றால் செய்துகொள்ளுங்கள், பல கோயில்களில் பெற்றோர் எங்கே என்று கேட்பார்கள், அதற்குத் தயாராகப் போங்கள். எப்படிச் செய்தாலும் பதிவு செய்தே ஆக வேண்டும். 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் எல்லாத் திருமணமும் 90 நாட்களுக்குள் பதிவாக வேண்டும். வக்கீல் லெட்டர்பேடில் எழுதிக் கொடுப்பதோ கோயில் ரசீதோ பதிவுச் சான்றிதழ் ஆகாது. இதைச் சொல்லக் காரணம், அந்த ஒரு காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறவர்கள் அதிகம்.

நீங்கள் சாதி வேறு என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். மதம் வேறாக இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், உங்களுக்கு 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். இருவரில் ஒருவராவது 30 நாள் குடியிருந்த மாவட்டத்தில் மனு கொடுக்க வேண்டும், அந்த அறிவிப்பை அலுவலகத்தில் பார்வைக்கு ஒட்டுவார்கள், ஆட்சேபம் சொல்ல 30 நாள், அது கழிந்த பிறகு மூன்று சாட்சிகளோடு கல்யாணம். மனு கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முடிக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து. அந்த ஒட்டுகிற காகிதம்தான் ஆபத்து. யாரோ ஒரு தெரிந்தவர் பார்த்து வீட்டுக்குப் போன் போட்டுவிடுவார், ஒரு மாதம் பெண் வீட்டுச் சிறையில் இருப்பாள். அதனால் மனு கொடுக்கிற மாவட்டத்தை யோசித்து வையுங்கள், முடிந்தால் சொந்த ஊராக இல்லாமல், உண்மையிலேயே நீங்கள் குடியிருக்கிற வேலை ஊராக இருக்கட்டும். இந்த 30 நாளைத் தவிர்ப்பதற்காக மட்டும் அவசரமாக மதம் மாறுவதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன், நாளைக்கு அதுவே வழக்காக வந்து நிற்கும்.

கிளம்புவதற்கு முன்னால் உங்கள் காகிதங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட், டி.சி., ஆதார், பான், டிகிரி. வயதுக்கு ஆதாரம் இல்லாமல் போய் நின்றால் உங்களுக்கு 24 என்பதை யாரும் பேச்சுக்காக நம்பமாட்டார்கள். அடுத்து, உங்கள் ஆதாரிலும் பேங்க் கணக்கிலும் இருக்கிற மொபைல் நம்பர் யாருடையது என்று பாருங்கள். அப்பா நம்பர் என்றால் ஓ.டி.பி. எல்லாம் அங்கேதான் போகும், சொந்தச் சம்பளத்தை எடுக்க முடியாமல் நிற்பீர்கள், எந்த ஊரில் எந்த நேரத்தில் கார்டு போட்டீர்கள் என்பதும் அவருக்கு மெசேஜாகப் போகும். போனில் குடும்பத்தோடு லொகேஷன் பகிர்வது ஓடிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள்.

நகை வேண்டாம். உங்களுக்காகச் செய்ததாக இருந்தாலும் சரி, காதில் கழுத்தில் அன்றாடம் போடுவது தவிர ஒரு பொட்டுத் தங்கத்தைக்கூட எடுத்துப் போகாதீர்கள். "நகையைத் திருடிக்கொண்டு ஓடிவிட்டாள், அவன்தான் தூண்டிவிட்டான்" என்று புகார் கொடுப்பது வழக்கமான வேலை, அவர் மேல் திருட்டு வழக்கு வந்தால் கல்யாணத்தைப் பற்றிப் பேச ஆளே இருக்காது.

கிளம்பும் நாளில், எனக்கு இவ்வளவு வயது, என் விருப்பப்படிதான் போகிறேன், யாரும் கடத்தவில்லை, எனக்கும் அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் இன்னாரால் ஆபத்து என்று மாவட்ட எஸ்.பி.க்கு எழுதி, வயதுச் சான்று நகலோடு பதிவுத் தபாலிலும் இமெயிலிலும் அனுப்புங்கள், மாநகரம் என்றால் கமிஷனருக்கு. அவர் குடும்பத்தை மறக்காதீர்கள், நீங்கள் இருவரும் வெளியூரில் இருப்பீர்கள், ஆத்திரம் அந்த வீட்டு வாசலில்தான் போய் இறங்கும். உங்கள் வீட்டில் "பெண்ணைக் காணவில்லை" என்று புகார் கொடுத்தால் போலீஸ் பார்க்க வேண்டியது இரண்டே இரண்டு, வயது வந்தவரா, விருப்பப்பட்டுப் போனவரா. அதற்கு மேல் பெற்றோரோடு போ என்று அனுப்பிவைக்க அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. ஐகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போட்டாலும் நீதிபதி உங்களைத்தான் கேட்பார், யாரோடு போக விருப்பம் என்று.

"காதல் ஜோடி போலீசில் தஞ்சம்" என்று தினமும் பேப்பரில் வருவதைப் பார்த்துத்தான் உங்கள் தோழி சொல்லியிருப்பாள். தஞ்சம் கேட்கலாம், ஆனால் உள்ளூர் ஸ்டேஷனுக்கு, தனியாக, ஒரு வக்கீல்கூட இல்லாமல் போகாதீர்கள். இரண்டு வீட்டாரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, பெண்ணின் அம்மாவை அழ வைத்து, "எனக்குச் சொத்தில் பங்கு வேண்டாம்" என்று எழுதி வாங்கி அனுப்புகிற கட்டப் பஞ்சாயத்து இன்னும் சில இடங்களில் நடக்கிறது. அப்படி எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டை மீறிக் கல்யாணம் செய்ததால் பூர்வீகச் சொத்தில் மகளுக்குள்ள பங்கு போய்விடாது. எஸ்.பி. ஆபீசுக்குப் போங்கள், 2016-ல் சென்னை ஐகோர்ட்டும் இந்த மாதிரி ஜோடிகளுக்காக மாவட்டந்தோறும் தனிப்பிரிவு வைக்கச் சொல்லியிருக்கிறது, அதைக் கேளுங்கள். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் 15100-க்கு அழையுங்கள், பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு.

கடைசியாக ஒன்று, எல்லாவற்றையும் விட முக்கியமானது. கல்யாணமாகிச் சில வாரம் கழித்து ஒரு போன் வரும். "நடந்தது நடந்துபோச்சு, வீட்டுக்கு வாங்க, முறைப்படி ரிசப்ஷன் வைக்கலாம், பாட்டிக்கு உடம்பு முடியல." நூற்றில் பெரும்பாலானவை உண்மையான அழைப்புதான், எந்தப் பெற்றவளுக்கும் பிள்ளையைப் பார்க்க ஆசை இருக்கும். ஆனால் உங்களால் அந்தப் போனை வைத்து எது உண்மை என்று கண்டுபிடிக்க முடியாது. 2003-ல் விருத்தாசலம் பக்கத்தில் கண்ணகியும் முருகேசனும் ரகசியமாகப் பதிவுத் திருமணம் செய்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது, சாதி வேறு என்பதற்காகப் பெண் வீட்டார் இருவரையும் பிடித்துவந்து ஊர் முன்னாலேயே விஷத்தை ஊற்றிக் கொன்றார்கள், கீழ்க்கோர்ட்டில் தண்டனை வர 18 வருடம் ஆனது. சாதி மாறிக் கல்யாணம் செய்த உடுமலை சங்கர், கல்யாணமாகி எட்டு மாதம் கழித்து, 2016 மார்ச்சில், பட்டப்பகலில் பேருந்து நிலையம் அருகே வெட்டப்பட்டார். நாளாக நாளாகக் கோபம் ஆறிவிடும் என்று எல்லாரும் சொல்வார்கள், எல்லா வீட்டிலும் ஆறுவதில்லை. பார்க்க வேண்டும் என்கிறார்களா, சரி, பகலில், பொது இடத்தில், மூன்றாவது ஆள் ஒருவரோடு, அவர்கள் சொல்லும் இடத்தில் இல்லாமல் நீங்கள் சொல்லும் இடத்தில். அம்மா வரட்டும் முதலில். உண்மையான பாசம் என்றால் அவர் வந்துவிடுவார்.

கேள்வி: எனக்கு 20, அவளுக்கு 17. அடுத்த மாதம் அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் வைத்திருக்கிறார்கள். அதற்குள் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று இருக்கிறேன். அவளுக்கு முழு சம்மதம்.

பதில்: போகாதே தம்பி. அவள் சம்மதம் சட்டத்தில் சம்மதமே ஆகாது. 18 நிரம்பாத பெண்ணை அழைத்துப் போனால் கடத்தல், சேர்ந்து இருந்தால் போக்சோ, நீ ஜெயிலுக்கும் அவள் காப்பகத்துக்கும் போவீர்கள். உனக்கும் இன்னும் 21 ஆகவில்லை. ஆனால் உன் கடிதத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது. 17 வயதுப் பெண்ணுக்கு அவள் வீட்டில் கல்யாணம் வைப்பதும் குற்றம்தான், குழந்தைத் திருமணம். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு இன்றைக்கே அழைத்துச் சொல், யார் சொன்னது என்று வெளியே தெரிய வேண்டியதில்லை. மாவட்ட சமூகநல அலுவலர் வந்து நிறுத்துவார். அவள் படிப்பு தொடரும், நீயும் ஒரு வேலையைப் பிடி. அதற்கப்புறமும் இதே மனசு இருவருக்கும் இருந்தால் யாராலும் தடுக்க முடியாது.

கேள்வி: அம்மா என்றே கூப்பிடுகிறேன், நீங்களும் பெண்ணைப் பெற்றவராக இருப்பீர்கள். என் மகள் போய் இரண்டு மாதமாகிறது. பையன் நல்லவன் என்றுதான் விசாரித்தவர்கள் சொல்கிறார்கள். இவர் தலை முழுகிவிட்டேன் என்று சொல்லிவிட்டார், அவள் போட்டோவை எல்லாம் எடுத்துவிட்டார். கொழுந்தனார் வீட்டில் பேசுகிற பேச்சு எனக்குப் பயமாக இருக்கிறது. எனக்கு அவளைப் பார்க்க வேண்டும். நான் என்ன செய்ய?

பதில்: சங்க காலத்துப் பாட்டுகளிலேயே பெண் காதலனோடு பாலை வழியாகப் போய்விடுவாள், பின்னாலேயே செவிலித்தாய் தேடிக்கொண்டு போவாள், எதிரே வருகிறவர்களிடம் எல்லாம் பார்த்தீர்களா என்று கேட்பாள். இரண்டாயிரம் வருடமாகத் தாய்மார்கள் இதே தவிப்பில்தான் இருக்கிறார்கள், நீங்கள் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கொழுந்தனார் வீட்டுப் பேச்சைப் பற்றி ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் கண்ணில் நிற்கிறது. என்ன பேசுகிறார்கள், அவள் எங்கே இருக்கிறாள் என்று யாராவது விசாரிக்கிறார்களா? அப்படியென்றால் அதை உடனே மகளுக்குச் சொல்லுங்கள், நீங்கள் நேரில் சொல்ல முடியாவிட்டால் அவள் தோழி மூலமாகச் சொல்லுங்கள். வீட்டுக்குள் நடக்கும் பேச்சு முதலில் காதில் விழுவது வீட்டுப் பெண்களுக்குத்தான், அந்த நேரத்தில் ஒரு போன் போட்டிருந்தால் பிழைத்திருக்கக்கூடிய பிள்ளைகள் உண்டு. கணவருக்குத் துரோகம் என்று நினைக்காதீர்கள், அவரை ஜெயிலுக்குப் போகாமல் காப்பாற்றுவதும் அதில் அடங்கும்.

மகளை வீட்டுக்குக் கூப்பிடாதீர்கள், இப்போதைக்கு. நீங்கள் போய்ப் பாருங்கள். கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாலும் பாவமில்லை. மகளிடம் ஏன் போனாய் என்று கேட்காதீர்கள். சாப்பிட்டாயா, வேலைக்குப் போகிறாயா, அவன் எப்படி வைத்திருக்கிறான் என்று கேளுங்கள், பதில் சொல்லும்போது முகத்தைப் பாருங்கள். கணவரிடம் இப்போது எதையும் வாதாட வேண்டாம். போட்டோவைக் கிழித்துப் போடாமல் எடுத்துத்தான் வைத்திருக்கிறார் என்றால், எங்கே வைத்திருக்கிறார் என்று மட்டும் பார்த்து வையுங்கள்.

கேள்வி: நண்பனின் பதிவுத் திருமணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடக் கூப்பிடுகிறான். பெண் வீட்டார் பெரிய இடம். என் மேல் கேஸ் வருமா?

பதில்: இருவரும் வயது வந்தவர்கள், இருவருக்கும் விருப்பம் என்றால் சாட்சி போடுவது குற்றமே இல்லை. போடுவதற்கு முன் இருவரின் வயதுச் சான்றையும் கண்ணால் பாருங்கள், அந்தப் பெண்ணிடம் தனியாக ஒரு நிமிடம் பேசி "உனக்கு விருப்பம்தானே" என்று கேளுங்கள். போலீஸ் விசாரிக்கக் கூப்பிட்டால் போய் உண்மையைச் சொல்லுங்கள், வக்கீலின் நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு. மற்றபடி அவர்கள் குடியிருக்கும் இடத்தை நீங்கள் தெரிந்துகொள்ளாமலே இருப்பது எல்லாருக்கும் நல்லது.

கேள்வி: எங்கள் இரண்டு வீட்டுக்கும் சம்மதம். ஆனால் எங்களுக்கு மண்டபம், ஆயிரம் பத்திரிகை எதுவும் வேண்டாம். இருவர் மட்டும் போய்ப் பதிவு செய்துவிட்டு அப்புறம் சொல்லலாமா என்று யோசிக்கிறோம். இதுவும் ஓடிப்போவதுதான் என்று அண்ணன் திட்டுகிறார்.

பதில்: இந்தக் காலத்துப் பிள்ளைகள் நிறைய பேருக்கு இந்த ஆசை இருக்கிறது, கடன் வாங்கி மண்டபம் பிடித்து யாருக்கோ பந்தி போட்டுவிட்டு ஐந்து வருடம் தவணை கட்டுவதைவிட எனக்கும் இது எவ்வளவோ மேல் என்றுதான் படுகிறது. எளிமையாகச் செய்யுங்கள், தாராளமாக. ஆனால் சம்மதம் கொடுத்த பெற்றோருக்கு அப்புறம் சொல்வதை மட்டும் விட்டுவிடுங்கள். அந்த நான்கு பேரையும் சாட்சியாகக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: அக்கா, ஆறு மாதம் முன்னால் நாங்கள் வந்துவிட்டோம். வேறு ஊர், ஒற்றை ரூம். அவர் காலையில் வேலைக்குப் போனால் ராத்திரிதான் வருவார். எனக்கு இங்கே யாரையும் தெரியாது. என் வேலையையும் விட்டுவிட்டு வந்தேன். இப்போதெல்லாம் சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுகிறார், போன வாரம் கை நீட்டிவிட்டார், அப்புறம் அழுதார். அம்மாவிடம் சொன்னால் நீயா தேடிக்கொண்டதுதானே என்பார். சித்தி மட்டும் ரகசியமாக மெசேஜ் அனுப்புகிறார், பதில் போடவே கூச்சமாக இருக்கிறது.

பதில்: இந்தக் கடிதத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். வீட்டில் பார்த்துச் செய்த கல்யாணத்தில் அடி விழுந்தால் பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போவாள், நாலு பெரியவர்கள் வந்து கேட்பார்கள். வீட்டை மீறி வந்தவளுக்கு அந்தக் கதவு மூடியிருக்கும், அது மூடியிருப்பது அவனுக்கும் தெரியும். காதலித்துக் கட்டியவன் அடிக்கமாட்டான் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. நீயா தேடிக்கொண்டது என்ற பேச்சை நீங்கள் ஏற்றுக்கொள்ளாதீர்கள். நீங்கள் தேடிக்கொண்டது ஒரு கணவரை, அடியை அல்ல.

இன்று ராத்திரி அவர் அமைதியாக இருக்கும்போது நேராகச் சொல்லுங்கள், இன்னொரு தடவை கை ஓங்கினால் நான் பெண்கள் உதவி எண் 181-க்கு அழைப்பேன் என்று. சும்மா மிரட்டுவதற்குச் சொல்லாதீர்கள், உண்மையிலேயே அழையுங்கள். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் எப்படிக் கல்யாணம் நடந்தது என்று பார்ப்பதில்லை. பதிவு ஆகியிருந்தாலும் ஆகாவிட்டாலும், கணவனும் மனைவியுமாக ஒரே வீட்டில் வாழ்ந்தாலே அது உங்களுக்குப் பொருந்தும். மாவட்டத்தில் ஒருங்கிணைந்த சேவை மையம், சகி என்பார்கள், இருக்கிறது, சில நாள் தங்கலாம், வக்கீலும் ஆலோசகரும் அங்கேயே கிடைப்பார்கள்.

அப்புறம் வேலை. எதுவானாலும் சரி, சம்பளம் குறைவானாலும் சரி, உங்கள் பெயரில் தனிக் கணக்கில் பணம் விழ வேண்டும். ஒற்றை ரூமில் நாள் முழுக்க ஒருவர் வரவுக்காகக் காத்திருந்தால் அன்பாக இருக்கிறவரோடுகூடச் சண்டை வரும். அவரும் தன் வீட்டை விட்டு வந்தவர்தானே, வாடகையும் பயமுமாக அவருக்கும் மனசு கனத்துத்தான் இருக்கும், அதைப் பேசுங்கள், ஆனால் அதை அடிக்குச் சமாதானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களில் ஒருவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடி, மற்றவர் வேறு சாதி என்றால், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் கலப்புத் திருமண உதவித் திட்டம் இருக்கிறது, பணத்தோடு தாலிக்குத் தங்கமும் தருகிறார்கள். கலெக்டர் ஆபீசில் சமூகநலத் துறையில் கேளுங்கள், திருமணப் பதிவுச் சான்றிதழோடு போங்கள்.

சித்திக்கு இன்றைக்கே பதில் போடுங்கள். கூச்சப்பட வேண்டாம், ஆறு மாதமாக விடாமல் எழுதுகிறவர் உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. போன வாரம் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்பதை மட்டும், அவரை ஒரு தடவை நேரில் பார்த்துப் பேசிய பிறகு சொல்லிக்கொள்ளலாம்.